கன்னி ராசி மிஷினுக்குப் பச்சை பெட்ரோல்

முத்தையாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மிஷின் சாமியார் கொட்டகைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கு கூட்டிக்கொண்டு போய்விடும். ஒரு பக்கம் பெட்ரோல் வாடை, இன்னொரு பக்கம் சாம்பிராணிப் புகை. பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் நெருப்புத் தணலை வைத்துக்கொண்டு உட்கார ஒன்று முற்றிய ஞானம் வேண்டும், அல்லது முற்றிய முட்டாள்தனம் வேண்டும். கூடியிருந்த கூட்டம் அதை ஞானம் என்று முடிவு செய்திருந்தது.

என்ன கூட்டம் என்கிறீர்கள். சீமைக்கருவேலம் வெட்டுகிறவர்கள் செயின்சாவைக் கைக்குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். ஏரல் பக்கத்து வயல்காரர்கள் மருந்தடிக்கும் மிஷினை முதுகில் சுமந்து வந்திருந்தார்கள். பெர்சி என்ற படகுக்காரர் தன் படகு எஞ்சினைக் கழற்றி லோடு ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு பெரியவர் புல்வெட்டும் மிஷினுக்கு மாலையே போட்டிருந்தார்.

இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு ஒரு குணம் உண்டு. பைக்குக்கு இருப்பதுபோல எண்ணெய்க்கென்று தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே அதற்கான ஆயிலை அளவாகக் கலந்து ஊற்ற வேண்டும். கலந்து, சீல் வைத்து, தேதி போட்ட டின்னாகவும் கடையில் கிடைக்கிறது. எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் மிஷினோடு வந்த புத்தகத்தைப் பார்க்கலாம். ஆனால் புத்தகத்தைப் பார்ப்பதற்குப் படிக்க வேண்டும். சாமியாரைப் பார்ப்பதற்குக் கும்பிட்டால் போதும்.

சாமியாரின் பெயர் வேல்ராஜ். போன வருஷம்வரை வீடு வீடாக மிக்ஸி விற்றவர். இப்போது காவி வேட்டியும் தோளில் சிவப்புப் பட்டுத் துண்டுமாக உட்கார்ந்து, வரிசையில் முதலில் நின்ற வயல்காரரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மிஷின் வாங்கின கிழமை என்ன? பில் போட்டது எத்தன மணிக்கு?"

"புதன்கிழமை சாமி. மத்தியானம் சாப்பாட்டு நேரம்."

சாமியார் விரலை மடக்கி எண்ணினார். "ஒன் மிஷின் ரிஷப ராசிலா. நீல பெட்ரோல்தான் ஒத்துக்கும். வேற நிறத்த ஊத்துனா புகை கக்கிச் சாகும்."

மேஷத்துக்குச் சிவப்பு, ரிஷபத்துக்கு நீலம், கன்னிக்குப் பச்சை. மற்ற ராசிக்காரர்களுக்கு இந்த மூன்றில் எது விற்காமல் நிற்கிறதோ அது.

இந்தக் கொட்டகைக்கு நான் போனது வேடிக்கை பார்க்க அல்ல. எங்கள் வீட்டு மானம் அங்கே போயிருந்தது.

என் தம்பி மகன் ஆவுடையப்பன் எங்கள் ஊர்க் குளத்துக் கருவேலத்தை வெட்டும் வேலையை எடுத்திருந்தான். வெட்டிக்கொண்டிருந்தபோதே செயின்சா இறுகி நின்றுவிட்டது. அவன் அம்மா இசக்கித்தாய் மிஷினைத் தூக்கிக்கொண்டு வேல்ராஜிடம் ஓடினாள். அவர் கண்ணை மூடி, புதிதாக வந்த ஒரு பெண் இந்த மிஷினைத் தாண்டியிருக்கிறாள், அவள் கை பட்டால் எந்த எஞ்சினும் ஓடாது, அடுத்த ஆடிவரை அவளை வீட்டில் வைக்காதே என்று சொல்லிவிட்டார். கூடவே ஒரு கேன் பச்சை பெட்ரோலையும் தலையில் கட்டினார். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்திதான். ஆவணியில் வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் சுடலைச்செல்வி.

இசக்கித்தாய் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் மருமகளை வெளியே அனுப்பிய வழக்கம் கிடையாது. மாமியாரை அனுப்பலாமா என்று வேண்டுமானால் சிலர் யோசித்திருக்கிறார்கள். நேற்றுவரை மிக்ஸி விற்ற ஒருவன் சொல்லி எங்கள் வீட்டுப் பெண் பையைத் தூக்குவதா?

மிஷினை ஏரலில் பிரித்துப் பார்த்த மெக்கானிக், பிஸ்டனில் எண்ணெய்ப் பசையே இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தான். ஆவுடையப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏலே, அன்னைக்குப் பெட்ரோல்ல ஆயில் கலந்தியா?"

"இல்ல பெரியப்பா."

"ஏன்?"

"ஆயில் தீந்துபோச்சு. அன்னைக்குச் சனிக்கெழமைல்லா."

"சனிக்கெழமைன்னா?"

"சனிக்கெழம எண்ணெ வாங்கினா சனியன வெலைக்கு வாங்கின மாதிரின்னு அம்மை சொல்லுவா."

"அது தலைக்குத் தேய்க்கிற எண்ணெக்கு இல்லியால?"

"எண்ணென்னா எல்லாம் எண்ணெதான பெரியப்பா. ஒருநாள் வெறும் பெட்ரோல்ல ஓட்டிப் பாப்போம்னு ஓட்டினேன்."

சனி பகவானுக்குப் பயந்து செயின்சாவைப் பட்டினி போட்டவன் இவன். அதற்குத் தண்டனை அவன் பெண்டாட்டிக்கு. இதை இசக்கித்தாயிடம் சொன்னேன். அவள் அசரவில்லை.

"மெக்கானிக்குக்குத் தோஷமெல்லாம் தெரியுமா அத்தான்? அவன் ஸ்பானர் பிடிக்கவன்."

சுடலைச்செல்வி அழவில்லை. வாசலில் கிடந்த பையைப் பார்த்தாள். மூலையில் இருந்த பச்சைக் கேனைப் பார்த்தாள்.

"மாமா, எங்க அம்மை வீட்டுக்குப் போக எனக்குச் சங்கடமில்ல. ஆனா பழியோட போகமாட்டேன். என் கை பட்டா எஞ்சின் நிக்கும்னு அந்தச் சாமி என் கண் முன்னால காட்டட்டும். காட்டிட்டாருன்னா அங்கனருந்தே ஒட்டப்பிடாரம் பஸ் ஏறிருதேன்."

"இதுதான் சரியான பேச்சு," என்ற இசக்கித்தாய், பையைக் கையோடு எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சாமியார் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கொட்டகைக்கு வெளியே, தணலுக்கு எட்டாத தூரத்தில், பெர்சியின் லோடு ஆட்டோ நின்றது. இசக்கித்தாய் வரிசையில் இடம் பிடிக்கப் போனதும் சுடலைச்செல்வி வீட்டிலிருந்து தூக்கிவந்த பச்சைக் கேனைப் பெர்சியிடம் காட்டினாள்.

"அண்ணாச்சி, இது இந்தக் கொட்டகைக் கேன்தான? நல்லா பாத்துக்கிடுங்க." அதிலிருந்தே இரண்டு தண்ணீர் பாட்டில்களில் சரிபாதியாக ஊற்றி மூடினாள். பெர்சி தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா செய்யுத?"

"சாமிக்கு ஒரு பரீட்ச வைக்கப் போறேன். நீங்க எதுக்கு வந்தீய? நீங்க வேதக்காரங்கல்லா?"

"சாமியாருக்கிட்ட வந்தது தெரிஞ்சா எங்க ஃபாதர் தொலைச்சிருவாரு. ஆனா எஞ்சின் ஓடணும்லா."

எங்கள் முறை வந்தது. சுடலைச்செல்வி இரண்டு பாட்டிலையும் சாமியார் முன் வைத்தாள்.

"சாமி, இந்தப் பாட்டில் என் கையால ஊத்தினது. அந்தப் பாட்டில் உங்க கேன்ல உள்ளது. என் தோஷம் எதுல இருக்குன்னு எல்லாருக்கும் காட்டுங்க."

வேல்ராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு வாய்ப்பு வலிய வந்தால் எந்த வியாபாரி விடுவான்? கொட்டகையில் அவருக்கென்றே ஒரு செயின்சா இருந்தது. டாங்கைக் காலி செய்து, சுடலைச்செல்வி ஊற்றியதாகச் சொன்ன பாட்டிலைக் கவிழ்த்தார். பட்டுத் துண்டால் கைப்பிடியைப் போர்த்திப் பிடித்துக்கொண்டு, கயிற்றை இழுத்தார். எஞ்சின் உறுமியது. சாமியார் ஏதோ முணுமுணுத்தார். எஞ்சின் பொட்டென்று நின்றது.

கூட்டம் "அடியாத்தீ" என்றது. இசக்கித்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டாங்கைத் துடைத்து, மற்றப் பாட்டிலை ஊற்றினார். இழுத்தார். எஞ்சின் ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாலை போட்ட புல்வெட்டி மிஷினை அந்தப் பெரியவர் சாமியார் காலடியிலேயே கிடத்திவிட்டார்.

"பாத்தியா தாயி? மிஷின் பொய் சொல்லாது," என்றார் வேல்ராஜ்.

"ஆமா சாமி, மிஷின் பொய் சொல்லல," என்றாள் சுடலைச்செல்வி. "ரெண்டு பாட்டிலும் உங்க ஒரே கேன்ல உள்ளது. ரெண்டயும் ஊத்தினது நான்தான். பெர்சி அண்ணாச்சி பாத்தாக. ஒண்ணு ஏன் நின்னுது, இன்னொண்ணு ஏன் ஓடுது?"

பெர்சி முன்னால் வந்து, "மாதா மேல சத்தியமா ஒரே கேன்தான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்," என்றார்.

வேல்ராஜ் முதல் பாட்டிலை நோக்கி மோவாயை நீட்டினார். "அது வந்து, நீ தொட்டதால புனிதம் கெட்டுப்போச்சு."

"அப்பம் இப்ப ஓடிக்கிட்டிருக்கதையும் நான்தான சாமி தொட்டேன்?"

வேல்ராஜ் ஓடுகிற மிஷினின் கைப்பிடியில் துண்டை இன்னும் இழுத்து மூடினார்.

"அந்தத் துண்ட எடுத்துட்டு ஒருவாட்டி ஓட்டுங்க," என்றாள் அவள்.

"துண்ட எடுத்தா உக்கிரம் தாங்காது."

பெர்சிக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. பட்டுத் துண்டைப் பிடித்து உருவினார். சாமியாரின் கட்டைவிரல் கைப்பிடி ஓரத்திலிருந்த சின்னச் சுவிட்சின் மேல் இருந்தது. மிஷினை அணைக்கிற சுவிட்ச். செயின்சா வைத்திருக்கும் ஒவ்வொருவனும் தினமும் தொடுகிற சுவிட்ச். பெர்சி தன் விரலால் அதைத் தட்டினார். எஞ்சின் பொட்டென்று நின்றது.

"எனக்கும் அருள் வந்துட்டு போல," என்றார் பெர்சி.

அதற்குப் பிறகு சாமியார் முதுகுக்குப் பின்னால் தொங்கிய திரையைக் கிழிக்க ஆள் தேவைப்படவில்லை. பின்னால் மேஷத்துக்கும் ரிஷபத்துக்கும் கன்னிக்கும் சேர்த்து ஒரே டிரம்தான் இருந்தது. பக்கத்தில் மூன்று சாயப் புட்டிகள். டிரம்முக்கு மூடிகூட இல்லை. கடல்காற்றின் ஈரம் முழுவதும் அதற்குள் இறங்கி, அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கிக் கிடந்தது. இதைத்தான் இத்தனை நாளும் தங்கள் எஞ்சின்களுக்குத் தீர்த்தமாக ஊட்டியிருக்கிறார்கள். கூட்டம் டிரம்மைச் சுற்றி நின்ற நேரத்தில் வேல்ராஜ் கொல்லைப்புறமாக நழுவிவிட்டார். அவர் ராசிக்கு அன்று பிரயாணம் நல்லது போலிருக்கிறது.

இசக்கித்தாய் மருமகளின் பையைத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"ஏளா, ஏரல் பஸ் போயிரப் போகுது, வா," என்றாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாத பெண்களின் மன்னிப்பு அது. சுடலைச்செல்வி அதை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே மிஷின் சாமான் கடை இருந்தது. நான் சீல் வைத்த கலவை டின் ஒன்றைக் கேட்டேன். சுடலைச்செல்வி அதை வாங்கி, எந்த மிஷினுக்கு உரியது, எந்த மாதம் அடைத்தது என்று எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் புல்வெட்டும் மிஷினுக்கு மாலை போட்ட அந்தப் பெரியவர் மூச்சிரைக்க ஓடிவந்து, கடையில் ஒரு டின்னை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"யம்மா, ஒன் கைராசி தெரியாம இருந்துட்டோம். இத ஒருவாட்டி தொட்டுக் குடுத்துரு தாயி."

அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர். மறுபடியும் வரிசை. அரைமணி நேரத்துக்கு முன் அவள் கை பட்டால் எஞ்சின் சாகும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கைகள்.

"அண்ணாச்சி, என் கை பட்டு எதுவும் கெடவும் செய்யாது, ஓடவும் செய்யாது," என்றாள் அவள். "டின்னத் திருப்பிப் பிடிங்க. எழுத்து அந்தப் பக்கம் இருக்கு."

பெரியவர் டின்னைத் திருப்பவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

ஐயா, மிஷின் நின்றுபோனால் கயிற்றை இழுத்து ஓட்டத் தெரிகிறது உங்களுக்கு. மண்டைக்குள் இருப்பதற்கும் ஒரு கயிறு உண்டு. அதை இன்னொருவன் கையில் கொடுக்காமல், நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.