தாய்ப்பால் நலத்துறை

மந்தாரபுரி நாட்டில் மழை பெய்தால் மக்கள் மன்னருக்கு நன்றி சொல்ல வேண்டும். பெய்யாவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அங்கே சட்டத்தின் கண்ணில் படாத பழக்கம் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. ஒருத்தி பிள்ளை பெற்றால், தெருவே அவள் வீட்டு வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒருத்தி சோறாக்குவாள், ஒருத்தி துணி அலசுவாள், இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுப்பாள். பெற்றவளுக்குப் பால் கொடுப்பது ஒன்றே வேலை.

பூவாத்தாளுக்குத் தலைப்பிள்ளை. காம்பு வெடித்து, பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தாள். பக்கத்து வீட்டு ராக்கம்மா வந்து பார்த்தாள்.

"ஏ புள்ள, நீ எதுக்குக் குனியுற? அதைத் தூக்கி ஒன்மேல சாச்சுக்க. தாவாக்கட்டை மார்ல ஒட்டட்டும். ஆங்... இப்ப வலிக்குதா?"

"இல்லக்கா."

"பொறவு மூஞ்சிய எதுக்கு அப்படி வச்சிருக்க?"

பூவாத்தாள் சிரித்துவிட்டாள். அது அரண்மனைவரை கேட்டிருக்க வேண்டும். மறுநாளே அமைச்சர் பேரின்பநாதர் தெருமுனையில் மேடை போட்டார்.

"தாய்மாரை ஆதரிப்பது அரசின் கடமை! அதைப் பொதுமக்கள் தாங்களே செய்வது சட்டத்தைக் கையில் எடுப்பதாகும்!"

பிள்ளை பெற்ற வீட்டுக்குள் அயலார் நுழையத் தடை வந்தது. பதிலுக்கு, தாய்மாரை ஆதரிக்க அரசு நியமித்த ஆதரவாளர் இருவர் வந்தார்கள். ஆண்கள் என்பதால், நாகரிகம் கருதி வாசலிலேயே நின்று 'தாய்ப்பாலே அமுதம்' என்று தமுக்கடித்தார்கள். குடித்தபடி கண்ணயரும் பிள்ளை ஒவ்வோர் அடிக்கும் அலறியது.

ஆக்கி, அலசி, தண்ணீர் சுமந்து, பூவாத்தாளுக்கு உட்கார நேரமில்லாமல் போயிற்று. பால் குறைந்தது.

"புள்ள இளைக்குதுங்க. ராக்கம்மாக்காவை மட்டும் உள்ள விடுங்க சாமி" என்று அமைச்சரிடம் கெஞ்சினாள்.

"உன் பால் குறைந்ததற்கு அரசைக் குற்றம் சொல்கிறாயா?"

"ஐயோ, இல்லீங்க."

"நல்லது. மன்னர் கருணை மிக்கவர்."

மந்தாரபுரியில் மன்னரும் தேர்தலில்தான் வர வேண்டும்; அதுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. மன்னர் புன்னகைக்கும் படம் ஒட்டிய பால்மாவு டப்பாக்கள் வீடுதோறும் வந்திறங்கின. பிள்ளை தேறியது. பூவாத்தாளின் மார்பு வற்றியது.

ஒருநாள் ஆதரவாளர்கள் சாப்பிடப் போன சமயம், ராக்கம்மா கொல்லைச் சுவரேறிக் குதித்தாள்.

"ஒண்ணும் கெட்டுப்போவல. சப்பச் சப்ப ஊறும். குடு."

பூவாத்தாள் பிள்ளையை அணைத்தாள். ஒரு துளி கசிந்தது. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு, டப்பாவிலிருந்த மன்னரைப் பார்த்துக் கை நீட்டி வாயைத் திறந்தது.

டப்பா விநியோகத்தைப் பார்வையிட வந்த அமைச்சர் வாசலில் நின்று இதைக் கண்டார். கண் கலங்கியது. ராக்கம்மாவைக் கைது செய்யச் சொல்லக்கூட மறந்து அரண்மனைக்கு ஓடினார்.

மறுநாள் நாடெங்கும் தமுக்கடித்தார்கள்: வாக்களிக்கும் வயது இனி ஆறு மாதம்.