பெரிய கப்பல் ஆடாது

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, இட்லித் தட்டில் கை வைத்த கையோடு ராஜேந்திரன் தன் முடிவை அறிவித்தார். போனால் சின்னக் கப்பல். இல்லாவிட்டால் கப்பலே வேண்டாம்.

முடிவெடுக்கும் நிலைமையைக் கொண்டுவந்தவள் மகள் ஷாரோன். படூரில் அடுக்குமாடி வீடு, ஓ.எம்.ஆரில் வேலை. அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு இருவரையும் கப்பலில் அனுப்பப்போவதாகச் சொல்லி, போனில் இரண்டு லிங்க் அனுப்பியிருந்தாள். ஒன்று பெரிய கப்பல். ஒன்று சின்னது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"இன்னாது, பதினாலு மாடியா? இது கப்பலா, ஷாரோன் அபார்ட்மெண்ட்டா?" என்றார் ராஜேந்திரன்.

"நீச்சல் குளமே மூணு கீதாங்க," என்றாள் மனைவி ரெபேக்காள்.

"சுத்தி கடலு. நடுவுல குளம் எதுக்கு?"

"பாட்டு, டான்ஸு, மேஜிக்கு எல்லாம் கீது. சாப்பாடு எந்நேரமும் போட்டுகினே இருப்பாங்களாம்."

"மூவாயிரம் பேரு தட்ட ஏந்திகினு நிப்பான். டூட்டிலதான் கூட்டத்துல சாவறேன், லீவுலயுமா? இத்தப் பாரு, சின்னது. மொத்தமே நூறு பேரு. கேப்டனே வந்து கை குடுப்பாராம். பெரிய கப்பல் நொழய முடியாத தீவுக்குள்ளல்லாம் இது பூந்து போவும். க்யூன்ற பேச்சே கெடையாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக செங்கல்பட்டு-பீச் மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஒரு பெட்டிக்குள் எத்தனை முழங்கை இருக்கும் என்பது அவர் விலா எலும்புக்குத் தெரியும்.

ரெபேக்காள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குத்தியது தெரியாமல் ஊசி போடுவதில் பேர் வாங்கியவள். "எந்த ஊரு, எத்தினி பசங்க" என்று பேச்சுக் கொடுப்பாள். நோயாளி பதிலை முடிப்பதற்குள் பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள். இந்தத் திறமை ஆஸ்பத்திரிக்கு மட்டுமானது என்று ராஜேந்திரன் இருபத்தைந்து வருஷமாக நம்பிவந்தார்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்குகிற அளவுக்குப் பேச்சு தயாரித்து வைத்திருந்தார். ரெபேக்காள் போனை வாங்கி, சின்னக் கப்பலின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"நீங்க சொல்றதுதாங்க கரெக்ட்டு. சின்னதுதான் நல்லா கீது. அமைதியா, வூடு மாதிரி."

ராஜேந்திரனுக்கு வெற்றி இவ்வளவு சுலபமாக வந்து பழக்கமில்லை. இட்லியை மென்றுகொண்டே அவளைப் பார்த்தார்.

அவள் ஒரு படத்தில் நின்றாள். சின்ன கூடம். பன்னிரண்டு நாற்காலி. மூலையில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன், முதுகைக் காட்டி உட்கார்ந்து கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். பிடரி வரை முடி.

"இது நம்ம ஜோஷ்வா மாதிரி இல்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். போனை அவரிடம் கொடுத்துவிட்டு சாம்பார் எடுக்கப் போய்விட்டாள்.

ஜோஷ்வா யாரென்று சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன் ரெபேக்காள் சர்ச்சில் பாடகர் குழுவில் பாடினாள். அவள் பாட, கீபோர்டு வாசித்தவன் ஜோஷ்வா. ராஜேந்திரன்-ரெபேக்காள் கல்யாணத்துக்கும் அவன்தான் வாசித்தான். வெள்ளைச் சட்டை, பிடரி வரை முடி. மாப்பிள்ளையைவிட அவன்தான் அழகாக இருந்தான் என்று அன்று பந்தியில் யாரோ சொன்னது ராஜேந்திரன் காதில் விழுந்தது. சொன்னவர் மாப்பிள்ளையின் சொந்தச் சித்தப்பா.

அன்று மத்தியானம் ராஜேந்திரன் தூங்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முதுகு பெரிதாயிற்று. இன்னும் பெரிதாக்கினார். சட்டை கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர, முகம் திரும்பவில்லை.

அடுத்து கல்யாண வீடியோவை எடுத்தார். கேசட்டில் எடுத்து, சி.டி.க்கு மாற்றி, ஷாரோன் புண்ணியத்தில் இப்போது பென் டிரைவில் இருக்கிறது. ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் ஓடிய இடத்தில், சர்ச் ஐயர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது, ரெபேக்காள் முக்காட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு தடவை இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பக்கம் கடிகாரம் இருந்தது. நேரம் பார்த்தாள் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தார். இன்றைக்கு நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கடிகாரத்துக்குக் கீழேதான் கீபோர்டு.

சாயந்தரம் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஜோஷ்வா இப்ப எங்க கீறான்?"

"உங்களுக்கு எதுக்குங்க அவரு?"

"சும்மாதான்."

"சும்மான்னா சரி," என்று அவள் சட்டையை நீவினாள்.

அவர் 'கீறான்' என்று கேட்டார், அவள் 'அவரு' என்று சொன்னாள். அந்த ஓர் எழுத்து மரியாதை அவர் நெஞ்சில் போய் முள்ளாய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் டூட்டி முடிந்ததும், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் சாமைத் தேடிப் போனார். சாம், ஜோஷ்வாவின் தம்பி. நேராகக் கேட்க முடியாதே. போனுக்குக் கண்ணாடி ஒட்டச் சொன்னார். ஏற்கெனவே ஒரு கண்ணாடி இருந்தது. அதன் மேலேயே ஒட்டச் சொன்னார்.

"அண்ணன் எப்பிடி கீறாரு சாமு?"

"அவருக்கு இன்னா அண்ணாத்த. தண்ணிலதான் கீறாரு. அஞ்சு வருஷம் ஆவுது."

"தண்ணிலயா?"

"ஆமா. மொதல்ல வூட்ல எல்லாரும் வேணான்னோம். இப்ப பாத்தா கவர்மெண்டு வேலக்காரனவிட டப்பு பாக்குறாரு. ஒரு நாள் லீவு கெடையாது."

"இன்னும் வாசிக்கிறாரா?"

"அத்த வுடுவாரா?"

இரண்டு கண்ணாடி போட்ட போனோடு ராஜேந்திரன் வீட்டுக்கு நடந்தார். விரல் வைத்துத் தேய்த்தாலும் போன் சொன்னபடி கேட்கவில்லை. தெருச் சத்தம் எதுவும் அவருக்கும் கேட்கவில்லை. தண்ணியில் இருக்கிறான். ஐந்து வருஷமாகக் கடலில் வாசிக்கிறான். முதுகு அவன் முதுகேதான்.

சின்னக் கப்பலின் நல்லதெல்லாம் அன்றோடு கெட்டதாயிற்று. நூறே பேர் என்றால் ஒரு நாளைக்குப் பத்து தடவை கண்ணில் படுவான். கேப்டனே வந்து கை கொடுக்கிற கப்பலில் கீபோர்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டா இருப்பான்? பன்னிரண்டு நாற்காலிக் கூடத்தில் ரெபேக்காள் எங்கே உட்கார்ந்தாலும் முதல் வரிசை. "அக்காவுக்காக ஒரு பழைய பாட்டு" என்பான். இவளும் பாடுவாள். தான் கைதட்ட வேண்டும். ஊர் பேர் தெரியாத தீவுக்குள் வேறு பூந்து போய் நிற்கும். இறங்கி ஓடவும் முடியாது.

பெரிய கப்பல் அப்படியா? மூவாயிரம் பேர். சொந்த அறையையே மனுஷன் கண்டுபிடிக்க முடியாது, அடுத்தவன் பெண்டாட்டியை எங்கே கண்டுபிடிப்பது? ராஜேந்திரன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கூட்டத்தின் மேல் அன்பு கொண்டார்.

ஆனால் அதை எப்படிச் சொல்வது? ஐம்பத்திரண்டு வயதில் பொறாமை என்று ஒப்புக்கொள்ள முடியுமா? கடல் சம்பந்தமாகத்தான் ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும்.

"யோசிச்சுப் பாத்தேன் ரெபேக்கா. சின்னது ஆடும்."

"ஆடட்டும்ங்க. தொட்டில் மாதிரி."

"வாந்தி வரும்."

"நான் நர்ஸு. வாந்தி எனக்குப் புதுசா?"

இப்படியே நான்கு நாள். அவர் ஒரு காரணம் சொல்ல, அவர் சொன்ன பழைய காரணம் ஒன்றையே எடுத்து அவள் திருப்பிக் கொடுத்தாள். க்யூ இல்லை என்றாள். முழங்கை இல்லை என்றாள். அமைதி என்ற வார்த்தையை அவள் சொல்லும்போதெல்லாம் அவருக்கு கீபோர்டு சத்தம் கேட்டது.

சனிக்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் திருவேங்கடம் என்கிற மீனவர் ரயிலில் பழக்கம். அவருடைய ஃபைபர் போட்டில் ரெபேக்காளைக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போவது. இரண்டு அலை தூக்கிப் போட்டால் அவளே வாய்விட்டுக் கேட்பாள், பெரிய கப்பல் வேண்டுமென்று.

"அண்ணாத்த, காத்து ஜாஸ்தியா கீது. நாளைக்கி வாயேன்," என்றார் திருவேங்கடம்.

"காத்து இருக்கறப்பதான் போவணும்," என்றார் ராஜேந்திரன்.

போட் முதல் அலையைத் தாண்டியது. இரண்டாவது அலையில் ஏறி, விழுந்தது. ரெபேக்காள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மடியிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"கோயில் கோபுரம் இங்கேர்ந்து பாக்க எவ்ளோ அழகா கீது பாருங்க."

ராஜேந்திரன் பார்க்கும் நிலையில் இல்லை. போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட நாஸ்தாவைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தின நாள் சாப்பாட்டையும் கொடுத்தார்.

"கண்ண மூடாத அண்ணாத்த, கரையப் பாரு," என்றார் திருவேங்கடம்.

"கரை எங்க?"

"நீ பாக்குறது ஆகாசம்."

ரெபேக்காள் ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மறு கையால் கடலை சாப்பிட்டாள்.

கரைக்கு வந்ததும் ஈர மணலில் படுத்துவிட்டார். திருவேங்கடம் ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். பாதி குடித்த பிறகு ராஜேந்திரனுக்குப் பேச்சு வந்தது.

"பாத்தியா? சின்னதுன்னா இப்பிடித்தான் ஆடும்."

"இது மீன் புடிக்கிற போட்டுங்க. அது நூறு பேர் போற கப்பலு. அப்பிடில்லாம் ஆடாது. எனக்கு சின்னதே போதும்."

"பெருசுதான் நல்லது ரெபேக்கா."

"மூவாயிரம் பேருங்க. தட்ட ஏந்திகினு யாரு நிக்கிறது?"

"நான் நிக்கிறேன்."

"பாட்டு, டான்ஸுன்னு கூப்புடுவேன். தலவலின்னு படுத்துக்குவீங்க."

"எல்லாத்துக்கும் வரேன். முன்னாடி வரிசைலயே ஒக்காரேன்."

அவள் கடலைத் தோலைக் காற்றில் ஊதிவிட்டு யோசித்தாள்.

"அவ்ளோ பெரிய கப்பல்ல எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேணுமே. ஹெலனையும் இட்டுகினு போலாமா?"

ஹெலன் அவள் தங்கச்சி. செய்யூரில் பள்ளிக்கூட டீச்சர். ஒரு வகுப்பையே பேசிப் பேசி அடக்குபவள். கல்யாணமான நாளிலிருந்து ராஜேந்திரன் அவளோடு ஒரே அறையில் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்ததில்லை. ஒரு பக்கம் ஹெலன், ஒரு பக்கம் ஜோஷ்வா. மணலில் படுத்தபடியே நிறுத்துப் பார்த்தார்.

"ஹெலன் வரட்டும்," என்றார்.

"உங்க இஷ்டம்," என்றாள் ரெபேக்காள், கொஞ்சம் வருத்தமாகவே. அவளை இப்படிக் கட்டாயப்படுத்திவிட்டோமே என்று அவருக்கு லேசாகக் கஷ்டமாகக்கூட இருந்தது. ஷாரோனுக்கு அங்கேயே போன் போட்டுச் சொல்லிவிட்டார். பெரிய கப்பல் ஆடாது, அதனால் பெரிய கப்பல்.

கப்பலேறுவதற்கு முந்தின நாள் எல்லாரும் படூரில் ஷாரோன் வீட்டில் கூடினார்கள். ராஜேந்திரன் உற்சாகமாக இருந்தார். மீசைக்கு மை போட்டிருந்தார். பூப்போட்ட சட்டை ஒன்று வாங்கியிருந்தார். இந்த நேரத்தில் ஏதோ ஒரு கடலில், ஏதோ ஒரு சின்னக் கப்பலில், பன்னிரண்டு காலி நாற்காலிக்கு ஜோஷ்வா வாசித்துக்கொண்டிருப்பதை நினைத்து நினைத்து மகிழ்ந்தார்.

காலிங் பெல் அடித்தது. அவர்தான் கதவைத் திறந்தார். தோளில் இருபது லிட்டர் தண்ணீர் கேனோடு ஒரு ஆள் நின்றான். முன்னந்தலை முழுக்க வழுக்கை. தொந்தி கதவை முதலில் தாண்டி வந்தது.

"அட, ராஜேந்திரண்ணே. என்னத் தெரியல? நான் ஜோஷ்வா."

ராஜேந்திரன் கதவைப் பிடித்துக்கொண்டார். "நீ... தண்ணில..."

"ஆமாண்ணே, தண்ணி கேன் பிசினஸ்தான். சாம் சொன்னானா? இந்த அபார்ட்மெண்ட் பூரா நம்ம தண்ணிதான். நல்லா போய்கினு கீது. ஞாயித்துக்கெழம மட்டும் கேளம்பாக்கம் சர்ச்சுல வாசிக்கிறேன்." கேனை இறக்கி வைத்துவிட்டு உள்ளே பார்த்து, "ரெபேக்காக்கா, நாளைக்கா கப்பலு?" என்றான்.

"நாளைக்குத்தான் ஜோஷ்வா. மோர் குடிச்சிட்டுப் போ," என்றாள் ரெபேக்காள்.

அவன் மோர் குடித்தான். முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று கேட்டான். காலி கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ராஜேந்திரன் சோபாவில் உட்கார்ந்தார். அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மாதிரி இல்லையா என்றுதான் கேட்டாள். மீதியை முழுக்க அவரே செய்துகொண்டார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இப்போது கேட்கலாம். கேட்டால், நீங்கள் எதற்காகக் கப்பலை மாற்றினீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

"ஏங்க, மூஞ்சி ஒரு மாதிரியா கீது? கூட்டத்த நெனச்சா? சின்னதுக்கே மாத்திக்கலாமான்னு ஷாரோனக் கேக்கட்டுமா?" என்றாள் ரெபேக்காள்.

அவர் பூப்போட்ட சட்டையின் பொத்தானைத் திருகினார்.

"வேணாம். சின்னது ஆடும்."

"கேட்டுக்கினியா ஷாரோன். அப்பாவே சொல்லிட்டாரு."

அப்போதுதான் ஹெலன் இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். வாசலில் தொடங்கிய பேச்சு கூடத்துக்கு வருவதற்குள் மூன்று விஷயத்தை முடித்திருந்தது. பெட்டியை வாங்கி வைத்த ராஜேந்திரன் ஒரு மரியாதைக்குக் கேட்டார்:

"திடீர்னு ஏற்பாடு பண்ணிட்டோம். ஸ்கூல்ல லீவு குடுக்க தகராறு பண்ணாங்களா ஹெலன்?"

ஷாரோன் அந்த லிங்க்குகளை அனுப்பி அன்றோடு சரியாக மூன்று வாரம் ஆகியிருந்தது.

"அதெல்லாம் இல்ல மாமா. பெரிய கப்பல்ல போறோம்னு அக்கா சொன்ன அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டேன். அது ஆவுது, ரெண்டு மாசம்."