சர்க்கார் சகாயமும் இரவல் கட்டிலும்

கடுதாசி வந்தால் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறுவதற்கு முப்பத்திரண்டு வயதும், ஒரு கறவை மாடும், கரண்ட் இல்லாத ரேடியோ ஒன்றும் தேவைப்பட்டன.

நான் அதிகம் படித்தவன் இல்லை. மலையாளச் சீமையில், முதலமடைப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனேன். பிறகு மாந்தோப்பு வேலை. கூச்சம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் ‘நிறுத்துங்க’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்த நாட்கள் பல. (நடந்தால் உடம்புக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.)

எழுபதுகளில் எங்கள் பஞ்சாயத்தில் ஒரு திட்டம் வந்தது. சொந்த வீடு இல்லாத ஏழை முதன்முதலாக ஒரு வீடு கட்டினால் சர்க்கார் மூன்று தவணையாகச் சகாயம் கொடுக்கும். வீடு முடிந்ததும் சில வருஷங்களுக்கு வீட்டு வரியும் கிடையாது. நான் அதுவரை தோப்புக்காரரின் மாங்காய்க் கொட்டகையில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டிருந்தவன். தோப்பை ஒட்டி நாலு சென்ட் நிலம் மட்டும் வாங்கி வைத்திருந்தேன். என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

முதல் தவணை அஸ்திவாரத்துக்குப் போனது. இரண்டாவது சுவருக்கு. மூன்றாவது வந்தால்தான் ஓடு. அதுவரை மேலே தென்னங்கீற்று.

இதற்கிடையில் என் அக்காள் வீட்டுக்காரர், நாச்சிமுத்து மாமா, ஆனைமலைப் பக்கம் எனக்கு ஒரு பெண் பார்த்துவிட்டார். பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “ஓடு போட்ட ஊட்டுக்குத்தானுங்க புள்ளையக் குடுப்பேன். கீத்துக் கொட்டாய்க்குக் குடுக்க மாட்டேன்.” ஆக, சகாயம் வந்தால் ஓடு. ஓடு வந்தால் கல்யாணம். ஓடு வராவிட்டால் மறுபடியும் மாங்காய்க் கொட்டகை.

அந்த வைகாசியில் பஞ்சாயத்திலிருந்து ஒரு கடுதாசி வந்தது. முழுக்க மலையாளம். எனக்கு மலையாளம் பேசினால் புரியும். எழுத்து ஜிலேபி மாதிரி தெரியும், அவ்வளவுதான். கீழே வட்டமாக ஊதா முத்திரை. முத்திரை இருந்தால் நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். மலையாளம் தெரிந்த ஊர் வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வாசலில் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேர் நடுவில் போய் ‘இதைப் படிச்சுச் சொல்லுங்க’ என்பதா? கடுதாசியை முருகன் படத்துக்குக் கீழே ஒட்டி, சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தேன். மூன்றாம் தவணை மஞ்சூர் ஆகிவிட்டது என்று அக்காளிடமும் சொல்லிவிட்டேன்.

மாமாவுக்கு அது போதும். அடுத்த புதன்கிழமையே பெண் வீட்டாரை வீடு பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருவது சாதாரணக் காரியமில்லை. மாப்பிள்ளையைக்கூட அரைக் கண்ணால்தான் பார்ப்பார்கள். வீட்டை முழுக் கண்ணால் பார்ப்பார்கள். அதனால் ஊரே சேர்ந்து வீட்டை நிரப்பிக் கொடுக்கும். யாரும் கேட்க வேண்டியதில்லை. இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. புதன்கிழமை காலையில் தோப்புக்காரர் வீட்டிலிருந்து தேக்குக் கட்டில் வந்தது. மேற்கு வீட்டிலிருந்து கறவை மாடு வந்தது. மில்லுக்காரர் வீட்டிலிருந்து ரேடியோ வந்தது. (என் வீட்டுக்குக் கரண்ட் கிடையாது. மாமா ஒயரைச் சுவரில் ஒரு பொத்தலுக்குள் செருகி, “இன்னைக்கு லைன் இல்லைன்னு சொல்லிக்கலாம்” என்றார்.) ஆறு நெல் மூட்டைகள். மேலே ஒரு சாண் நெல், கீழே காய்ந்த மாவிலை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் இருநூறு ஓடுகளை மாமா அடுக்கி வைத்திருந்தார். அவையும் தோப்புக்காரருடையவைதான்.

“பாத்தியா ஆறுச்சாமி, சினிமாக் கணக்கா இருக்குதில்ல?” என்றார்.

“ஏனுங் மாமா, இத்தன எதுக்குங்க?”

“நீ வாயத் தொறக்காம நில்லு. அது ஒண்ணுதான் உனக்கு நல்லா வருது.”

பெண்ணின் அப்பாவும் அத்தையும் பத்து மணிக்கு வந்து வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்தார்கள். (பெஞ்சி டீக்கடையுடையது.) அக்காள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் தொடவில்லை. சம்பந்தம் பிடித்தால்தான் மாப்பிள்ளை வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள். பிடிக்காவிட்டால் நாக்கு வறண்டாலும் எழுந்து போய்விடுவார்கள். அந்த அத்தை ஒல்லியான மனுஷி. சொம்பைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மாட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன்.

அந்த நேரத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பஞ்சாயத்து ஓவர்சியர். முன்னிரண்டு தவணைக்கும் வந்து சுவரை அளந்து போனவர்.

மாமா அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. பெண் வீட்டில் பிந்தி வந்த பெரிய மனுஷர் என்று நினைத்துவிட்டார். பெண் வீட்டார் அவரை எங்கள் ஆள் என்று நினைத்தார்கள். அவர் யார் என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். எனக்கோ நாலு பேர் முன்னால் வாய் வராது.

“வாங்கொ, வாங்கொ! ஊட்டப் பாருங்கொ!” என்று மாமா அவர் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார். “தேக்குக் கட்டிலுங்க. நம்ம மாப்பிளையுது. மாடு பாத்தீங்ளா? ரண்டு நேரமும் கறக்குதுங்க. நெல்லு ஆறு மூட்ட, இது போன பூவுல அறுத்தது. ரேடியோ கேக்கறீங்ளா? இன்னைக்கு லைன் இல்லீங்.”

ஓவர்சியர் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். மாமாவுக்கு ஒரே பூரிப்பு. எழுதிக்கொள்கிற சம்பந்தி எங்கே கிடைப்பார்? குரலை இன்னும் உயர்த்தினார். “ஓடும் வாங்கியாச்சுங்க. அந்தா, வாசல்ல!”

ஓவர்சியர் வாசலுக்கு வந்து ஓடுகளை எண்ணினார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஆறுச்சாமி, ஓடு வாங்கான் சகாயம் வேணும்னு அபேட்ச எழுதித் தந்தது நீ அல்லே? ஓடு இவிட இருக்கே!”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். “ஆருடா இவரு?”

“ஓவர்சியருங்க” என்றேன். பெண் வீட்டார் வந்த பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அது. கொஞ்சம் முன்னாலேயே பேசியிருக்கலாம்.

“புதன்கிழம பரிசோதனைக்கு வருவேன்னு எழுதியிருந்தேனே. கடிதம் கிட்டியில்லா?”

நான் முருகன் படத்தைக் காட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தான் எழுதிய கடுதாசி சந்தனமும் குங்குமமுமாக இருப்பதைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சர்க்கார் வேலையில் அத்தனை மரியாதை அவருக்கு அதற்கு முன் கிடைத்திருக்காது.

பிறகு பேனாவைத் திறந்தார். “சரி. நேராப் பறயணும். இந்தச் சாமான் எல்லாம் உன்னோடதுதானா? ஆமான்னா சகாயமும் இல்லா, வரி எளவும் இல்லா. முன்ன வாங்கினதும் திருப்பிக் கட்டணும்.” (எளவு என்றால் மலையாளத்தில் சலுகை.)

ஒரு பக்கம் ஓவர்சியர். மறுபக்கம் பெண்ணின் அப்பா. ‘ஆமாம்’ என்றால் ஓடு போச்சு. ‘இல்லை’ என்றால் பெண் போச்சு. நடுவில் மாமா ஒரு கண்ணைச் சிமிட்டினார். ஆமாம் என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

நான் உண்மையைச் சொன்னது நேர்மையால் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொய் சொல்ல நிறையப் பேச வேண்டும். உண்மைக்கு இரண்டு வார்த்தை போதும்.

“எம்படது இல்லீங்க.” (எம்படது என்றால் என்னுடையது. எங்கள் பக்கத்துப் பேச்சு.)

“கட்டில்?”

“எம்படது இல்லீங்க. தோப்புக்காரருது.”

“மாடு?”

“எம்படது இல்லீங்க. மேக்கு ஊட்டுது.”

“நெல்லு?”

“எம்படது இல்லீங்க. பாதி நெல்லே இல்லீங்க.”

ரேடியோ, ஓடு, பெஞ்சி என்று வரிசையாகப் போனது. எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நாலு பேர் முன்னால் நான் இவ்வளவு பேசியதில்லை. கேட்காததற்கும் பதில் சொன்னேன். உடுத்தியிருந்த வேட்டியைக் காட்டி “இதும் எம்படது இல்லீங்க” என்றேன். ஓவர்சியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேனாவால் மாமாவைக் காட்டி, “இது ஆரு?” என்றார்.

“அவரும் எம்படது இல்லீங்க. அக்காளுது.”

அக்காள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

பெண்ணின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “போலாங் அக்கா. நேரமாச்சு.”

அத்தை எழவில்லை. “இருடா” என்றாள். ஓவர்சியரைப் பார்த்து, “ஏனுங் சாமி, இவனுக்குன்னு என்னதான் இருக்குதுன்னு அதுல எழுதியிருக்கீங்ளா? கொஞ்சம் படிங்க” என்றாள்.

ஓவர்சியர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். “நிலம் நாலு சென்ட். சுவர் நாலு. பெட்டி ஒண்ணு. பாய் ஒண்ணு. மண்வெட்டி ஒண்ணு. சோத்துச் சட்டி ரெண்டு.”

“கடன்?”

“கடன் ஒண்ணும் இல்லா. விசாரிச்சாச்சு.”

“குடி கிடி?”

“அதுக்கு இந்தப் பேப்பர்ல கட்டம் இல்லா. நான் விசாரிச்சவரைக்கும் இல்லா.”

“பாத்தியாடா” என்று அத்தை தம்பியிடம் திரும்பினாள். “இதுவரைக்கும் எத்தன ஊடு பாத்திருக்கறோம். எல்லா ஊட்டுலயும் இதே மாதிரி கட்டிலுதான், மாடுதான். எது இரவலு, எது சொந்தம்னு நமக்கு என்னைக்காவது தெரிஞ்சுதா? இங்க சர்க்காரே வந்து பிரிச்சுக் குடுத்துட்டாங்க.”

பெண்ணின் அப்பா இன்னும் நின்றபடியே, “ஓடு?” என்றார்.

“ஓடு இல்லாதவன்னு நான் எழுதினா, ஓடு தன்னால வரும்” என்றார் ஓவர்சியர். எழுதி முடித்து, நோட்டை என் பக்கம் நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவசரத்தில் ஆறுச்சாமியில் ஒரு எழுத்து பக்கத்துக் கோட்டுக்குப் போய்விட்டது.

அத்தை சொம்பைத் தூக்கினாள். வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தி, “சொம்பு?” என்றாள்.

“எம்படது இல்லீங்க.”

“தண்ணி?”

கொஞ்சம் யோசித்தேன். “கெணறு தோப்புக்காரருதுங்க. சேந்துனது நானுங்க.”

அண்ணாந்து ஒரே மூச்சில் முழுச் சொம்பையும் குடித்தாள்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது, ஓடு பிந்திவிட்டது. ஆடி முழுக்கக் கீற்றுக்குக் கீழே நனைந்தேன். ஆனாலும் ஆவணியில் ஓடு ஏறியது. அதே மாதத்தில் கல்யாணம். வரி இல்லாத வருஷங்கள் முடிந்து முதல் ரசீது வந்தபோது, அதை நானே எடுத்துப் போய் வாத்தியாரிடம் கொடுத்து, நாலு பேர் முன்னாலேயே படிக்கச் சொல்லிக் கேட்டேன். வீட்டுக்கு உடமஸ்தன், அதாவது சொந்தக்காரன், ஆறுச்சாமி என்று அதில் இருந்ததாம். இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னேன்.

இப்போது எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போக முடிவதில்லை. “சட்ட நல்லாருக்குதே மாப்ள” என்று ஒருவர் தொடங்குவார். “அது எம்படது இல்லீங்க!” என்று பந்தியே சேர்ந்து சொல்லும். மாமா தன்னை யாருக்காவது அறிமுகம் செய்துகொள்ளும்போது, “நான் அக்காளுதுங்க” என்கிறார்.

என் மனைவி சரசு, தன் அத்தை வழியாக இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவள். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும், “ஏனுங்க, நான் யாருதுங்க?” என்று சமையல்கட்டிலிருந்து கேட்பாள். எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். நான் வெற்றிலைத் தட்டைத் தேடுகிறவன் மாதிரி எழுந்து போய்விடுவேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவள் கேட்காமலே அதற்குப் பதில் சொல்லிவிட்டேன், ‘இல்லீங்க’ சேர்க்காமல்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. முறத்தை ஒரு தட்டு தட்டி, “எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றாள்.