எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவர்

மனநல ஆலோசகரிடம் போகிறவர்களில் பல ரகம் உண்டு. முரண்டு பிடிப்பவர், மூக்கைச் சிந்துபவர், கடிகாரத்தையே பார்ப்பவர் என்று எல்லோரையும் எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரே ஒரு ரகத்தை மட்டும் அசைக்க முடியாது. அவர்தான் சரிங்ககாரர். திருப்பூர்ப் பக்கம் இந்த இனம் செழித்து வளர்கிறது. மரியாதை மிகுந்த மண்ணல்லவா?

கந்தப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது மெஷின் ஓடும் பனியன் கம்பெனிக்காரர். மகள் கீதாஞ்சலி சென்னையில் நர்சிங் படிக்கிறேன் என்றாள். சரி கண்ணு என்றார். சொல்லிவிட்டு, நேராகப் போய் உள்ளூர்க் கல்லூரியில் ஆடை வடிவமைப்பில் சேர்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து நான்கு மாதமாக மகள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மனிதர் உள்ளுக்குள் நொந்து போனார். கவுன்சிலிங் போகாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளகோவிலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள் மனைவி நிர்மலா. அதற்கும் சரி என்றார்.

போனார். புதன்கிழமைதோறும், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், பத்து நிமிடம் முன்னதாக, காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் ஒரு பாட்டிலோடு. மகள்மேல் கோபமா என்று ஆலோசகர் சித்ரகலா கேட்டால் ஆமாங்க. கோபமில்லையோ என்றால் அதற்கும் ஆமாங்க. அவளிடம் மனம்விட்டுப் பேசலாமே என்றால் கண்டிப்பாகப் பேச வேண்டும் என்று பலமாகத் தலையாட்டிவிட்டு, நூல் விலைக்குத் தாவிவிடுவார். ஆறு வாரம் இப்படியே ஓடியது. இவரிடம் என்ன குறை காண்பது? சித்ரகலாவுக்கும் பொழுது சுகமாகத்தான் போயிற்று. எண்ணெயும் நல்ல எண்ணெய்.

ஏழாவது வாரம் சித்ரகலா நிர்மலாவையும் வரச்சொன்னார். நல்ல முன்னேற்றம் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை.

"மேடம், இங்க நீங்க பாக்கறது சேம்பிள் பீஸுங்க. ஊட்டுல இருக்கறது பல்க்" என்றாள் நிர்மலா.

பனியன் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆர்டர் பிடிக்க அனுப்பும் முதல் உருப்படியைக் கம்பெனியின் கெட்டிக்கார டெய்லர் தைப்பார், பிறகு ஆயிரக்கணக்கில் தைப்பது எப்படி வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

சித்ரகலாவுக்குச் சுரீரென்றது. இத்தனை நாள் தானும் சேர்ந்து தலையாட்டியதாக ஒப்புக்கொண்டார். பிறகு கந்தப்பனைப் பார்த்து, "நான் சொன்னதுல எது உங்களுக்குப் புடிக்கலீங்க?" என்றார்.

எல்லாமே பிடித்தது என்றார் கந்தப்பன். சித்ரகலா விடவில்லை, திரும்பத் திரும்ப அதையே கேட்டார். மடிப்புக் கலையாத சட்டை வேர்வையில் நனைந்தது.

"இல்லீங்க" என்றார் கடைசியில். "மனசுவிட்டுப் பேசச் சொன்னது புடிக்கலீங்க. மெட்ராஸ் போனா புள்ள நம்மள மறந்துருமுன்னு பயமுங்க. இதப் போயி அதுகிட்டச் சொன்னா சிரிக்காதுங்களா?"

அன்று சாயங்காலமே மகளிடம் அதைச் சொன்னார். கீதாஞ்சலி சிரிக்கவில்லை. கத்தினாள். அரை மணி நேரம், அவருடைய ஒவ்வொரு பொய்ச் சரியையும் எடுத்துப்போட்டுக் கத்தினாள். மகள் தன்னிடம் பேசுகிறாள் என்று கந்தப்பன் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில்கூடச் சரி என்று சொல்லவில்லை.

நீங்கள் இந்த ரகம் இல்லை என்கிறீர்கள். நல்லது. எதற்கும் வீட்டில் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். "சேச்சே, நீங்க அப்படியெல்லாம் இல்லை" என்று சட்டென்று பதில் வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள். உங்களிடம் உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று அவர்கள் முடிவுகட்டி எத்தனை வருடமாயிற்றோ.