மணமுறை உள்ளவர்கள் திரைக்குப் பின்னால்

1933 ஜூலை 10, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. தக்கலைக்கு மேற்கே உள்ள ஒரு மிஷன் கல்லூரியில் அப்போது மாணவர் இருநூற்று நாற்பத்து மூன்று பேர், மாணவிகள் மூன்று பேர். இந்த மூவரிடமிருந்து அந்த இருநூற்று நாற்பத்து மூன்று பேரையும் காப்பாற்றும் பொறுப்பு அந்த நிமிஷம் ஒருவர் தலையில் இறங்கியது. அவர் பெயர் யேசுரத்தினம். கல்லூரி ஆராதனைக் கமிட்டியின் காரியதரிசி.

மாதக் கடைசியில், பக்தியைத் தட்டியெழுப்பும் எழுப்புதல் கூட்டம். அதற்காக மண்டபத்தின் நடுவே, கூரையிலிருந்து தரைவரை, நீலத் துணியில் ஒரு திரை கட்டுவதெனக் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. வகுப்பில் அந்த மூன்று பெண்களும் இதே பையன்களோடு ஒரே அறையில்தான் உட்காருகிறார்கள். ஆனால் சரித்திரம் படிக்கும்போது மனசு அலையாது, ஜெபிக்கும்போதுதான் அலையும் என்பது கமிட்டியின் முதிர்ந்த அபிப்பிராயம்.

திரையும் கட்டியாயிற்று. சிக்கல் ஒரு கட்டுரையால் வந்தது.

ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தையொட்டி 'அயலாரை நேசித்தல்' போன்ற ஒரு பொருளில் கட்டுரைப் போட்டி நடக்கும். தாளில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். முதல் பரிசு பெற்றவர் கடைசி நாள் மேடையேறித் தம் கட்டுரையை வாசிப்பது வழக்கம். அந்த வருஷம் எண்ணுக்குரிய உறையைப் பிரித்துப் பார்த்தால் நேசபாய் என்று இருந்தது. சீனியர் பி.ஏ. மாணவி. இரண்டாம் பரிசு ஜஸ்டஸ் என்ற பையனுக்கு.

"ஜஸ்டஸ் உன் கட்டுரையை வாசிப்பான். கணீரென்ற குரல்" என்றார் காரியதரிசி.

"எழுதினது நான் ஐயா. வாசிக்கதும் நானாத்தான் இருக்கணும்" என்றாள் நேசபாய்.

"மேடைக்கு ஏறும் படி ஆண்கள் பக்கத்தில் இருக்கிறதம்மா."

"படியை இந்தப் பக்கம் மாத்தலாமே?"

"படியைக் கல்லில் கட்டியிருக்கிறது."

"அப்போ திரையை நவுத்தலாமே?"

"திரையைத் தீர்மானத்தில் கட்டியிருக்கிறது."

நேசபாய் விடவில்லை. "ஆண்கள் பக்கமா நடந்து போனா என்ன ஐயா?"

"அந்நிய ஆண்கள் நடுவிலா?"

"அதுல அந்நியன் யாரு? சபைப் பையனுவ எல்லாம் ஏதாவது ஒரு வழியில எங்க சொந்தக்காரங்கதானே?"

யேசுரத்தினம் நியாயத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். விஷயத்தைக் கமிட்டியில் வைத்தார். கமிட்டி இரண்டு அமர்வு கூடி ஒரு விதி செய்தது. சகோதர முறை உள்ள ஆண்கள் முன்பாக ஒரு பெண் நடப்பது ஒழுங்குக்கு விரோதமல்ல. மணமுறை உள்ள ஆண்கள் மட்டும் அச்சமயம் திரைக்கு அப்புறம் இருக்கக் கடவர். அதாவது அண்ணன் தம்பி இருக்கலாம், மச்சான் கூடாது. யார் யார் என்ன முறை என்று பிரித்தெடுக்கும் பணி சுந்தரராஜ் உபதேசியாருக்கு. கோட்டாறு தொடங்கிச் சிதறால் வரை எந்த வீட்டுக்கு எந்த வீடு என்ன உறவு என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவர் அவர்.

பையன்களை வேப்பமரத்தடியில் வரிசையாக நிறுத்தினார்.

"ஏலே ராஜமணி, உனக்க அப்பாவும் அவளுக்க அப்பாவும் அண்ணன் தம்பி மக்கள். நீ அண்ணன். அந்தால போய் நில்லு."

"அம்மை வழியில எண்ணிப் பாருங்க உபதேசியாரே. மச்சானாக்கும்."

"போன கிறிஸ்மஸுக்கு அவளைத் தங்கச்சின்னு விளிச்சியே மக்கா?"

"அப்போ அப்பா வழியில எண்ணினேன்."

"இப்போ?"

"இப்போ அவ பி.ஏ. பாஸாகப் போறால்லா."

அடுத்தவன் ஜஸ்டஸ். "எங்க வீட்டுல சொல்லிவிட்டிருக்காவ. அண்ணன்னு மட்டும் வாயத் திறந்திராதேன்னு. ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் பெண் கேட்டுப் போக முடியாதாம்."

"ஏலே, உனக்குப் பத்தொன்பது வயசு."

"வயசு ஏறும். முறை மாறாதுல்லா?"

அந்த வாரத்தோடு நம் பக்கத்தில் அண்ணன்மார் வமிசம் அற்றுப்போயிற்று. சபைப் பையன்கள் அத்தனை பேரும் மச்சான்கள். பெரியப்பா மகனே மச்சானாகிவிட்டான். நேசபாயை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒருவன்தான் முன்வந்தான். குளச்சல் கடற்கரையிலிருந்து வந்து படிக்கும் கத்தோலிக்கப் பையன் சிலுவைமுத்து. "ஐயா, நான் அண்ணனா இருந்துக்கிடுதேன். எனக்கு நாலு தங்கச்சி உண்டு. ஒண்ணு கூடினா பாரமில்ல."

"நீ வேற சபை. உனக்கு எந்த முறையும் கிடையாது" என்றார் உபதேசியார்.

"அப்போ மணமுறையும் கிடையாதுல்லா?"

உபதேசியார் விதியைத் திரும்ப வாசித்தார். கிடையாதுதான். மணமுறை இல்லாதவன் திரைக்கு இப்புறமே இருக்கலாம். அந்தக் கணக்கில் சிலுவைமுத்துவும், கோட்டாற்றுச் சுயம்புலிங்கமும், மற்றுமுள்ள கத்தோலிக்க, இந்து, முஸ்லிம் பையன்களும் முன்னால் உட்காரத் தகுதி பெற்றார்கள். சபையின் சொந்தப் பிள்ளைகள் எல்லாரும் திரைக்கு அப்பால். ஆனால் அங்கேதான் பெண்கள் இருக்கிறார்கள். மணமுறை உள்ள ஆணும் பெண்ணும் ஒரே பக்கம் இருப்பது விதிக்கு விரோதம். ஆகவே பெண்களை இப்புறம் கொண்டுவருவதெனக் கமிட்டி தீர்மானித்தது. தன் தர்க்கத்தில் ஓர் ஓட்டை இல்லையென்று திருப்தியும் பட்டுக்கொண்டது.

ஜூலை 29, சனிக்கிழமை மாலை. மேடையில் துரை பிரின்சிபால் உட்கார்ந்திருந்தார். துரைக்கும் நமக்கும் எந்த முறையும் இல்லை என்பது வெகுநாளாகத் தெரிந்ததே. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் காரியதரிசி, சரிகை அங்கவஸ்திரம் சகிதமாக.

நேசபாய் படிக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஏறி வா அம்மா" என்றார் காரியதரிசி.

"ஐயா எனக்கு என்ன முறை?"

"என்ன கேள்வி இது?"

"எனக்க அம்மைக்கு நீங்க ஒண்ணுவிட்ட அண்ணன். அப்படின்னா மாமன் முறையாக்கும்."

காரியதரிசி உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் தரையைப் பார்த்தார். மாமன் கட்டிக்கொள்கிற முறைதான். ஊரில் அதற்கு வழக்கமும் உண்டு.

"எனக்கு ஐம்பத்து நாலு வயசு! ஆறு பிள்ளைகள்!"

"விதியில வயசு சொல்லல்லையே ஐயா" என்றாள் நேசபாய் மிகுந்த மரியாதையோடு.

அவர் எழுந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, சபைப் பிரமுகர்கள் ஒவ்வொருவராகப் பின்தொடர, திரைக்குள் போனார். கடைசியில் உபதேசியார் தமக்கும் அவளுக்கும் உள்ள முறையைத் தாமே விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நேசபாய் படியேறினாள். இருபது நிமிஷம் வாசித்தாள். அயலார் என்றால் யார் என்று அவள் கேட்ட இடத்தில் மண்டபம் அசையாமல் இருந்தது. முன்வரிசையில் அவளுடைய தோழிகள் ஞானமும் சத்தியபாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து பலத்த கரகோஷம். யார் தட்டுகிறார்கள் என்று தெரியாது என்பதால் எல்லாருமே தைரியமாகத் தட்டினார்கள்.

மறுநாள் திரையை அவிழ்த்தபோது அதில் புதிதாக எழுபது எண்பது துளைகள் இருந்தன. காரியதரிசி திரைக்குள் உட்கார்ந்த இடத்துக்கு நேரே இருந்தது சற்றுப் பெரியது.

கூட்டம் ஒழுக்கத்துக்குப் பங்கமின்றி இனிது நிறைவேறியது என்று கமிட்டி அறிக்கை வெளியிட்டது. இனி இத்தகைய சங்கடம் நேராதிருக்கும்பொருட்டு, குழப்பத்துக்கெல்லாம் மூலகாரணத்தை ஆராய்ந்து கண்டுபிடித்தது. திரை அல்ல, முதல் பரிசு. அடுத்த ஆண்டிலிருந்து முதல் பரிசு ரத்து. இரண்டாமவரே பரிசு பெறுவார், அவரே மேடையில் வாசிப்பார். இரண்டாம் இடத்தில் எப்போதும் ஆண்பிள்ளைதான் வருவான் என்பதற்குச் இந்த ஆண்டே சான்று. யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதைச் சபையில் மறுவாரமே வாசித்தார்கள், நாம் எல்லாரும் ஆமென் சொன்னோம்.

1934 ஜூலை 28, சனிக்கிழமை, போட்டி முடிவு அறிவிக்கப்பட்டது. இரண்டாம் இடம்: ஞானம், மாணவி. முதல் இடம்: சத்தியராஜ், காரியதரிசி யேசுரத்தினத்தின் மூத்த மகன், பரிசு இல்லை.