பாஸ்ஸஸ் அண்ணன் அளந்த மைல்

ரோமாபுரிப் பேரரசு விழுந்துவிட்டது என்ற செய்தி இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் வந்து சேரவில்லை. அவர் மரக்காணத்தில், நான் கிளார்க்காகக் குப்பை கொட்டிய உப்புக் கம்பெனி ஆபீசில், எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

ஞானஸ்நானப் பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் முதலாளி முதல் உப்பு வாரும் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் 'பாஸ்ஸஸ்'தான். உப்புப் பாத்திகளை அளப்பதும், வரப்பு போட வேண்டிய இடத்தில் முளை அடிப்பதும் அவர் வேலை. ஊரில் எல்லோரும் மீட்டரிலும் அடியிலும் அளந்து நிம்மதியாக இருந்தபோது, இவர் மட்டும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமானிய அளவில் அளந்துகொண்டிருந்தார்.

ஒரு பெஸ் என்பது ரோமானிய அடி. நம் அடியைவிடக் கொஞ்சம் குட்டை, இருபத்தொன்பதரை சென்டிமீட்டர் சொச்சம். ஐந்து பெஸ் ஒரு பாஸ்ஸஸ், அதாவது ஒரு மீட்டர் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். இடது காலும் வலது காலும் ஒவ்வொரு எட்டு வைத்தால் அந்த நீளம் வந்துவிடும். ஆயிரம் பாஸ்ஸஸ் ஒரு ரோமானிய மைல். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பதினொரு வருஷம் பக்கத்து மேஜை. அவர் பெஸ்ஸில் எழுதிக் கொடுப்பதை மீட்டராக்கி முதலாளிக்குக் கொடுப்பதுதான் என் பாதி உத்தியோகம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் எங்கள் பங்குச் சாமியார்தான். ரோமில் படிப்பை முடித்துத் திரும்பியவர், ஊராருக்கெல்லாம் ஜெபமாலை கொண்டு வந்தார். நம்மவர் கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் ஜெபமாலை தீர்ந்துவிட்டது. வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாத சாமியார் பெட்டியைத் துழாவி, அடியில் கிடந்த ஒரு பித்தளை மடக்கு ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். மியூசியத்தில் இருக்கும் பழைய ரோமானிய ஸ்கேலைப் போலவே செய்து கடையில் விற்கிற சாமான் அது. ஒரு ஜெபமாலையை மட்டும் முன்னதாக எடுத்து வைத்திருந்தால் எங்கள் ஆபீஸ் பிழைத்திருக்கும்.

முதலாளி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார். "ஏம்பா, ஊரே மீட்டர்ல அளக்குது. உனக்கு மட்டும் இன்னா கேடு?"

"மீட்டரு யாரு கண்டுபிடிச்சது? பிரெஞ்சுக்காரன். பக்கத்துல பாண்டிச்சேரிய அவன் ஆண்டது பத்தாதாங்க? நாம யாரு, ரோமன் கத்தோலிக்கு. ஜெபம் அங்கருந்து, சாமியார் படிப்பு அங்கருந்து. அளவு மட்டும் வேற எடத்துல கடன் வாங்கணுமா?"

முதலாளி கத்தோலிக்கர் இல்லை. அதனால் எழுந்து மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்துக்கொண்டார்.

அன்றுமுதல் 'மீட்டர்' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. கரண்டு மீட்டரைக்கூட 'அந்தப் பொட்டி' என்றுதான் சொல்வார். ஆட்டோக்காரர் மீட்டர் போடுகிறேன் என்றால் இறங்கி நடந்துவிடுவார்.

இதில் அடி வாங்கியவர்கள் பலர். உப்பு ஏற்ற வந்த புது லாரி டிரைவர் ஒருவர், "திண்டிவனம் எவ்ளோ தூரம்ணா?" என்று கேட்டிருக்கிறார். இவர் கண்ணை மூடி மனசுக்குள் வகுத்து, "இருபத்தி மூணரை" என்று சொல்லியிருக்கிறார். சொன்னது ரோமானிய மைல், கேட்டவர் காதில் விழுந்தது கிலோமீட்டர். டீசல் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், அவ்வளவுதானே என்று தைரியமாகக் கிளம்பிய டிரைவர், பெருமுக்கல் மலையைப் பார்த்தபடி நடுரோட்டில் நின்றுவிட்டார். கேனைத் தூக்கிக்கொண்டு டீசலுக்கு நடந்த தூரத்தை அவர் எந்த மைலில் அளந்தார் என்று தெரியாது. திரும்பி வந்து இவரைத் திட்டியது மட்டும் எல்லா அளவையும் தாண்டியிருந்தது.

இன்னொரு முறை கிறிஸ்துமஸுக்குப் பேன்ட் தைக்கப் போனார். டெய்லர் டேப்பை எடுப்பதற்குள், "அதெல்லாம் வேணாம், நானே வீட்ல அளந்துட்டேன். இடுப்பு நாப்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அது நாற்பத்தெட்டு டிஜிட்டஸ். ஒரு டிஜிட்டஸ் ஒரு விரல் அகலம், இரண்டு சென்டிமீட்டர்கூட இராது. டெய்லர் பாவம், அவருக்குத் தெரிந்தது இஞ்ச். நாற்பத்தெட்டு இஞ்ச் இடுப்போடு தைத்துக் கொடுத்தார். பாஸ்ஸஸ் அண்ணன் பூசைக்கு அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். பூசை நடுவில் பக்கத்திலிருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் நாங்கள் பட்ட பதற்றம் ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இத்தனைக்கும் ஆளை வேலையைவிட்டு நீக்க முடியாது. அவர் அளவு தப்பியதே கிடையாது. வரப்பு ஒரு டிஜிட்டஸ் தள்ளியிருந்தால்கூட இடித்துப் போடச் சொல்வார். "இத்த நாங்க வெரக்கடைன்னு சொல்லுவோம். அந்த ஒரு வெரக்கடைல இன்னா பெருசா உப்பு வெளஞ்சிடப் போவுது?" என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள். "உப்பு வெளையலன்னா போவுது. அளவு அளவுதான்" என்பார். பாஸ்ஸஸ் முளை அடித்த இடம் என்றால் பக்கத்துப் பாத்திக்காரன் வாயைத் திறக்க மாட்டான்.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தப்பு செய்தார். செய்த இடம்தான் சரியில்லை.

எங்கள் எடை மேடையில் ஆரோக்கியராஜ் என்று ஒருவன் வேலை பார்த்தான். சின்ன வயசிலிருந்தே அவனுக்குப் போலீஸ் கனவு. எழுத்துப் பரீட்சை பாஸ். மிச்சம் இருந்தது உடல் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். முந்தின தடவை அதில்தான் கோட்டை விட்டிருந்தான். இந்தத் தடவையும் விட்டால் வயசு வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க லாரி ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அண்ணா, பாத்தி நடுவுல போற மண் ரோட்ல ஒண்ணரை கிலோமீட்டர் அளந்து குடுங்கண்ணா" என்று பாஸ்ஸஸிடம் போய் நின்றான்.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கரெக்டாக ஆயிரம் பாஸ்ஸஸ் நடந்தார். அந்த முனையில் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்றை நட்டார். தினமும் காலையில் அவர் கல்லுக்குப் பக்கத்தில் துண்டோடு நிற்பார், நான் செல்போனில் நேரம் பார்ப்பேன். ஆரோக்கியராஜ் உப்பு அம்பாரங்களுக்கு நடுவே இரைத்துக்கொண்டு ஓடி வருவான். கல்லைத் தொட்டதும் அண்ணன் துண்டை வீசி "மைல்!" என்று கத்துவார், அவன் பொத்தென்று விழுவான். ஏழு இருபதில் ஆரம்பித்தவன், இரண்டு மாசத்தில் ஆறு நிமிஷம் ஐம்பத்தைந்து செகண்டுக்கு வந்துவிட்டான். மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது, சோற்று டப்பாவைத் திறந்தபடி சும்மா கேட்டேன். "அண்ணா, நம்ம ரோடு எத்தினி பாஸ்ஸஸ்?"

"ஆயிரம். ஒரு மைலு. ஒண்ணரை கிலோன்னா அதானே?"

பதினொரு வருஷப் பழக்கம், கை தானாகக் கால்குலேட்டரைத் தட்டியது. ஆயிரத்து நானூற்று எண்பது. டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி தட்டினேன். இருபது மீட்டர் குறைகிறது! அவன் ஓடும் வேகத்துக்கு இருபது மீட்டர் என்றால் ஐந்தரை செகண்டுக்கு மேல். கூட்டினால் ஏழு நிமிஷத்தை அரை செகண்ட் தாண்டுகிறது.

கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினேன். அவர் விரல்விட்டுத் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். ஒரு விரற்கடைக்கு வரப்பை இடித்தவர், ரோமானிய மைல் மேல் இருந்த ஆசையில் இருபது மீட்டரை ரவுண்டாக விழுங்கியிருந்தார். அவரை மட்டும் சொல்வானேன், கணக்குப் போடத் தெரிந்த நானும் இரண்டு மாசம் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றிருக்கிறேன்.

"அவன்கிட்ட சொல்லிடலாம்ணா."

"சொன்னா மனசு விட்டுடுவான்டா. இந்த நேரத்துல வேணாம்." டப்பாவை மூடினார். "பதிமூணரை பாஸ்ஸஸ் கொறையுது. ஏழு நாளு இருக்குது. நாளுக்கு ரெண்டு."

அன்றிலிருந்து தினமும் மதியம், உப்பு வாரும் பெண்கள் கரையேறியதும், ரோமாபுரிச் சதிகாரர்களைப் போல நாங்கள் இருவரும் கிளம்பினோம். கல்லைப் பிடுங்குவது, இரண்டு பாஸ்ஸஸ் தள்ளி நடுவது, யாராவது வந்தால் கருவாட்டு விலை பேசுவது. காலையில் ஆரோக்கியராஜ் ஓடி வந்து விழுவான். "என்னான்னு தெரிலண்ணா, கால் கனக்குது" என்பான். "உப்புக் காத்துடா, அப்படித்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தி ஓடு" என்பார் அண்ணன். சொல்லிவிட்டு என்னைப் பார்க்க மாட்டார். கடைசி நாள் ஒன்றரை பாஸ்ஸஸ் தள்ளினோம். மறுநாள் முழு தூரத்தையும் ஆறு ஐம்பத்தொன்பதில் முடித்தான். இதற்குமேல் எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

தேர்வு விழுப்புரத்தில். அங்கே ஒரு உப்பு லோடு போயிற்று, நாங்களும் அதில் ஏறிக்கொண்டோம். திண்டிவனம் ரோட்டில் டீசல் தீர்ந்து நின்ற அதே டிரைவர்தான். தூரத்தை யாரிடமும் கேட்காமல் ஓட்டினார். மைதானத்துக்குள் வெளியாட்களை விடவில்லை. மதில் ஓரமாக லாரியை நிறுத்தச் சொல்லி, ஐம்பத்திரண்டு வயசு பாஸ்ஸஸ் அண்ணன் தார்ப்பாயைப் பிடித்து மூட்டைகள் மேல் ஏறிவிட்டார். பின்னாலேயே நானும்.

விசில் ஊதினார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஆரோக்கியராஜ் நடுவில் இருந்தான். மூன்றாவது சுற்றில் பின்தங்கினான். நான் செல்போனில் செகண்டுகளை எண்ணினேன். கடைசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டினான், மூன்றாவது ஆளையும் தாண்டினான். நான் மூட்டை மேல் குதித்ததில் கீழே டிரைவர் அலறினார். அப்போதுதான் அது நடந்தது. மைதானம் முழுக்க ஏகப்பட்ட வெள்ளைக் கோடுகள். முடிவுக்கு முன்னாலேயே இருந்த ஒரு கோட்டைத் தாண்டியவன், முடிந்தது என்று நினைத்துக் கையைத் தொங்கப்போட்டான். கால் தளர்ந்தது.

"அந்தக் கோடு இல்லடா!" பாஸ்ஸஸ் அண்ணனின் குரல் மதிலைத் தாண்டி மைதானத்தில் விழுந்தது. "இன்னும் இருபது மீட்டர்டா! ஆரோக்கியம், மீட்டர்டா! இருபது மீட்டர்! ஓட்ரா!"

முதலாளியிடம் பேசிய அந்த நாளுக்கப்புறம் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான். மூன்று முறை!

அவன் தலையைத் தூக்கினான். பற்களைக் கடித்துக்கொண்டு பாய்ந்தான். ஆறு ஐம்பத்தெட்டு! கேட்டில் நின்ற காவலர், "யோவ், யாருய்யா லாரி மேல? எறங்குய்யா கீழ!" என்று கத்தியது எங்களுக்கு வாழ்த்துப்பா போலக் கேட்டது. அண்ணன் இறங்கி வந்து, டிரைவரிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கி, மூன்று முறை வாயைக் கொப்பளித்துத் துப்பினார். அதற்கப்புறம்தான் அழுதார்.

ஆரோக்கியராஜ் இப்போது கான்ஸ்டபிள். போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்தவன், என்னோடு அந்த மண் ரோட்டில் நடந்தான்.

"கல்லு நகர்ந்தது எனக்கு அப்பவே தெரியும்ணா" என்றான் சாதாரணமாக.

நான் நின்றுவிட்டேன். "எப்படிடா?"

"கல்லப் புடுங்குனீங்களே, குழிய மூடுனீங்களா? மூணு குழி வரிசையா, தண்ணி ஊறி, உப்புப் பூத்து வெள்ளையா நிக்குது. போலீஸ் வேணாம்ணா, எருமைக்கன்னுக்குட்டி கூடக் கண்டுபுடிக்கும். மூணாவது நாளே புரிஞ்சிட்டுது."

"அப்ப ஏன்டா கேக்கல?"

"கேட்டா அண்ணன் தப்பா அளந்துட்டாருன்னு ஆயிடும்ல. ஆபீஸ்ல தெரிஞ்சா அப்புறம் அவரு அடிச்ச முளைய எவன் மதிப்பான்? நான் எப்படியாவது ஓடி முடிச்சிடுவேன்ணா. அவரு தாங்க மாட்டாரு. அதான் கை கையா மண்ண அள்ளிப் போட்டு, தெனம் அந்தக் குழிங்கள நானே மூடிட்டு வந்தேன்."

பாஸ்ஸஸ் அண்ணன் இப்போது பொம்மையார்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அவனுக்குத் தெரியும் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் யாராவது இந்தப் பத்திரிகையை வாங்கினால், தயவு செய்து இந்தப் பக்கத்தை மட்டும் அவர் கண்ணில் காட்டிவிடாதீர்கள். எங்கள் அண்ணன் அளவு தப்பாதவர். அவர் அப்படியே இருக்கட்டும்.