சீர்ப்பெட்டிக்கு அடித்த ஆணி

எனக்குக் கோபம் வந்தால் மூளை நின்றுவிடும். கை மட்டும் வேலை செய்யும். பதுளையிலிருந்து லுணுகலை வரை எல்லாருக்கும் தெரிந்துவிட்ட விஷயம். இனி மறைத்து என்ன?

அப்போது நான் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஆலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், பெட்டி அடிப்பவன். தேயிலையைக் கொட்டு, மேலே ஈயத்தகட்டைப் பற்றவை, மூடியை வைத்து ஆணி அடி, கப்பலில் ஏற்ற மேலே எடையை எழுது. பதினொரு வருஷம் இதுதான் பிழைப்பு.

தங்கச்சி மகள் செல்லம்மாவுக்குக் கலியாணம். தாய்மாமன் கொடுக்கும் சேலையைக் கட்டித்தான் பெண் மணவறைக்கு வரவேண்டும், அது எங்கள் வழக்கம். அதை நானே செய்த பெட்டியில் வைத்துத் தருகிறேன் என்றேன்.

"எதுக்கு மச்சான் வீண் வேலை? பதுளையில ஒரு தகரப்பெட்டி வாங்கிட்டு வாங்க. நீங்க செஞ்சா தேயிலைப் பெட்டி மாதிரிதான் இருக்கும்" என்றார் தங்கச்சி புருஷன் மாரிமுத்து. (வாயா அது!)

அந்தக் கோபம் ஒரு மாதம் இறங்கவில்லை. பலாப்பலகை வாங்கி இழைத்தேன். பித்தளைக் கீல், பித்தளைப் பூட்டு. மழை ஈரம் படக்கூடாதென்று உள்ளே ஈயத்தகடு. கலியாணத்தன்று காலையில் சேலையை மடித்து வைத்தேன். மாரிமுத்துவை மனசுக்குள் திட்டிக்கொண்டே மிச்ச வேலையை முடித்தேன். பெட்டியைத் துணியில் சுற்றித் தலையில் வைத்து நடந்தேன்.

மேளம் கொட்டி வரவேற்றார்கள். துணியைப் பிரித்துச் சாவியைத் திருப்பினேன். மூடி அசையவில்லை.

மாரிமுத்து குனிந்து பார்த்தார்.

"பூட்டு தெறந்துருச்சு மச்சான். சுத்தி இந்த ஆணியெல்லாம் எதுக்கு?"

இருபத்துநான்கு ஆணி. நான்தான் அடித்திருக்கிறேன். மூடிமேல் கறுப்பு மையில் எடைகூடப் போட்டிருந்தேன். (பழகின கை, என்ன செய்ய?)

"கப்பல்ல ஏத்தவா மச்சான்?"

சனம் சிரித்தது. பூசாரி சிரிக்கவில்லை. "நேரம் போகுது, பொண்ணக் கூப்பிடுங்க!" என்று கத்தினார். மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர், "மாமன் சேலை இல்லாத பொண்ணா?" என்று எழுந்தே விட்டார். தங்கச்சி அழ ஆரம்பித்தாள். நான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் நெம்பினேன். கத்தி வளைந்தது.

லயத்து வீட்டுக்குள்ளிருந்து செல்லம்மாவே வந்தாள், கையில் விறகுக் கோடாரியோடு.

"தள்ளுங்க மாமா."

"அடியே, பித்தளைக் கீலு..."

"கீலு கெடக்கட்டும். எனக்குக் கலியாணம் ஆகணும்."

மூன்று போட்டில் மூடி பிளந்தது. உள்ளே ஈயம். அதையும் ஒழுங்காகப் பற்றவைத்திருந்தேன். நாலாவது போட்டில் ஈயமும் கிழிந்தது, சேலையில் ஒரு சாணும் கிழிந்தது. கிழிசலைக் கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டி, நேரம் தப்பாமல் போய் உட்கார்ந்தாள். நான் பிளந்த பலகைக்குப் பக்கத்தில் நின்று மாரிமுத்துவைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

செல்லம்மாவுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். போன மாதம் நான் காய்ச்சலில் கிடந்தபோது குடும்பத்தோடு வந்தாள். கஞ்சியை ஊட்டிவிட்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாமா, ஒங்க சவப்பெட்டிய மட்டும் ஒங்க கையாலயே செஞ்சு வச்சிருங்க. பேயா வந்துருவீங்கங்கிற பயமே எங்களுக்கு இருக்காது."

மூன்று பிள்ளைகளும் உருண்டு சிரித்தன. அந்தக் கோபத்தில்தான் எனக்குக் காய்ச்சலே விட்டது.